ஆறு மீன்படியும் ஒரு குழாயும்

படிவத்தில் அந்த இடம் சின்னதுதான். 'மேலேறிய மீன்கள்' என்று அச்சடித்து, பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு விட்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கில் எழுத வேண்டியிருக்குமாம்! அச்சடித்தவருடைய ஆசையைப் பாருங்கள். பதினோரு வருஷமாக மீனக்கா அந்த நான்கு கட்டத்திலும் பூஜ்யம்தான் போட்டுக்கொண்டு வருகிறாள். முதல் இரண்டு வருஷம் கை கூசியது. அப்புறம் கோபம் வந்தது. இப்போது ஒன்றுமே வருவதில்லை. பேனாவை எடுத்ததும் கை தானாக நான்கு முட்டை போட்டுவிடுகிறது.

மீனக்கா என்பது அவளுடைய பெயரில்லை. நீர்வழி அலுவலகத்தில் மீன் பிரிவு என்று ஒரு மூலை இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு ஜீப், ஜீப்பை ஓட்ட ஒரு டிரைவர் அண்ணன், அப்புறம் இவள். அவ்வளவுதான் பிரிவே. வேலைக்கு வந்த புதிதில் யாரோ கிண்டலாகக் கூப்பிட்டது ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது ஐம்பத்துநாலு வயது, இரண்டு முட்டியும் வலி, மழைக்காலம் வந்தால் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ். பெயர் மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

அவளுக்குக் கொடுத்த ஓடை மலையில் பிறந்து, தோட்டங்களையும் பழைய மில்லையும் தாண்டி, ஊருக்குக் கீழே கடலில் போய்ச் சேருகிறது. முதல் மழை விழுந்ததும் கடலிலிருந்து ஒரு மீன் அதில் ஏறி வரும். முழ நீளம், வெள்ளி நிறம், முட்டையிட மலையடிவாரத்துக் கூழாங்கல் படுகைதான் வேண்டும் அதற்கு. வேறெங்கும் இடாது. வழியில் ஏழு தடை. ஆறு, தோட்டக்காரர்களும் மில்காரரும் கட்டிய தடுப்புச் சுவர்கள். ஏழாவது, கடலுக்குப் பக்கத்தில் சாலைக்கு அடியில் போட்ட குழாய். சுவர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னச் சின்னத் தொட்டிகளாகப் படி கட்டிவிட்டால் மீன் தொட்டி தொட்டியாகத் தாவி ஏறிவிடும். அதற்கு மீன்படி என்று பெயர். மீனக்கா ஆறு மீன்படி கட்டிவிட்டாள். ஆறும் கச்சிதம். தண்ணீர் எந்த வேகத்தில் விழ வேண்டுமோ அந்த வேகத்தில் விழும்.

ஆனால் பாருங்கள், கடலிலிருந்து வருகிற மீனுக்கு முதல் வாசல் கீழே. மீனக்கா திறந்து வைத்ததெல்லாம் மேலே.

இதைச் செய்தவள் முட்டாளில்லை. அந்தக் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது, மீனால் எட்ட முடியாது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். குழாய் சாலைத்துறைக்குச் சொந்தம். மேலே இருந்த தோட்டக்காரரோ, "வாங்கம்மா, தாராளமா கட்டிக்குங்க" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மனுஷன் சரியென்று சொல்லும்போதே வேலையை முடித்துக்கொள்வோம், கீழே உள்ளது அதற்குள் தானாக வழிக்கு வரும் என்று நினைத்தாள். ஒன்று முடிந்ததும் அடுத்தவர் கூப்பிட்டார். இப்படி மலையிலிருந்து கீழ்நோக்கி ஆறு கட்டி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. சாலைத்துறை மட்டும் வழிக்கு வரவில்லை. இத்தனைக்கும் அது ஒரே கட்டடம். நீர்வழி அலுவலகம் தரைத்தளம், சாலைத்துறை இரண்டாவது மாடி. மீன் ஏறாதது இருக்கட்டும், இவளுடைய ஃபைலே இரண்டு மாடி ஏறவில்லை!

இந்த வருஷம் மேலதிகாரி அம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை.

"மாசக் கடைசிக்குள்ள அந்தக் குழாய் வேலை சாலைத்துறை பட்டியல்ல ஏறணும். இல்லேன்னா பிரிவை மூடறாங்க. மீன்படி ஆறையும் 'பயன்படாத கட்டுமானம்'னு இடிச்சு எடுக்கச் சொல்லிட்டாங்க."

"இடிக்கவா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? பதினோரு வருஷ சைபரைக் கையில வெச்சுக்கிட்டு யார்கிட்ட போய் வாதாடுவேன்?"

எட்டு நாள் இருந்தது. மாடியில் இருக்கும் பெரிய இன்ஜினியர் அதிசயமாக இந்தமுறை ஒத்துக்கொண்டிருந்தார். குழாயை எடுத்துவிட்டு அகலமாக, ஓடையின் தரையோடு தரையாகப் புது வழி போடலாம். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. குழாய் போட்டபோது எந்த மட்டத்தில் போட்டார்கள் என்று எழுதிவைத்த பழைய பதிவேட்டை ஃபைலோடு சேர்க்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்று ஃபைல் நின்றுவிட்டது. நாற்பது நாளாக நிற்கிறது.

அந்த மாடியில்தான் மீனக்காவின் வீட்டுக்காரரும் வேலை செய்கிறார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மூத்த மேற்பார்வையாளர். அலுவலகத்தில் அவருக்கு 'மட்டம் சார்' என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தி மேஜை சாய்ந்திருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார். வீட்டுச் சுவரில் ஒரு படம் நூலளவு சாய்ந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கூடத்தில் மாட்டியிருக்கும் பாராட்டுச் சான்றிதழ் அதில் தனி. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ சாலைப் பகுதியைக் கெடுவுக்குப் பதினாறு நாள் முன்பே முடித்ததற்காகக் கொடுத்தது. வாராவாரம் மீனக்காதான் அதைத் துடைப்பாள், அவர் பின்னால் வந்து ரசமட்டம் வைத்துச் சரிசெய்வார்.

இவ்வளவு பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கக் கூடாது. கல்யாணமான முதல் வருஷம் ஆபீஸ் விஷயத்தில் பெரிய சண்டை வந்து, மூன்று நாள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் செருப்போடு ஆபீஸையும் வாசலில் விட்டுவிட வேண்டும் என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள். அதற்கு ஒரே விதிவிலக்கு மீனக்காவின் ஆண்டறிக்கை. அவளுக்கு ஒற்றெழுத்து தகராறு. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுப்பார். பதினோரு அறிக்கையும் அவர் கை பட்டதுதான்.

அன்று காலை மீனக்கா ஓடையில் இருந்தாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. குழாய்க்குக் கீழே பள்ளமாகத் தண்ணீர் தேங்கிய கிடங்கில் மீன் வந்து சேர்ந்துவிட்டது. கணக்கில் சேராவிட்டாலும் பழக்கம் விடாமல் எண்ணினாள். நூற்றிருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தாவும். குழாயின் வாய்க்கு ஒன்றரை அடி கீழேயே சிமென்ட் சுவரில் மோதும். டொப். திரும்பத் தண்ணீரில் விழும். கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடந்துவிட்டு மறுபடி வரும். டொப். சிலவற்றுக்கு மூக்கு கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. மூன்று நாள் இப்படி மோதிப் பார்த்துவிட்டு, முட்டையைக் கிடங்குச் சேற்றிலேயே கொட்டிவிட்டுச் செத்துப்போகும். சேற்றில் கொட்டிய முட்டை ஒன்றும் பொரிக்காது.

"வாங்கக்கா, போலாம். என்னால பாக்க முடியலை" என்றார் டிரைவர் அண்ணன் மேலே சாலையிலிருந்து.

"எனக்கு ஒண்ணும் பண்ணலைண்ணே. அதான் பயமா இருக்கு" என்றாள்.

மதியம் அவளே பழைய பதிவேடுகள் வைக்கும் அறைக்குப் போனாள். நாற்பது நாளாக மாடி ஆட்கள் தேடுகிறார்களாம்! அலமாரிக்குள் தலையை விட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். ரிக்கார்டு ரூம் அண்ணன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தூசுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரிஜிஸ்டரா? அது தொலையலையேக்கா. வெளிய போயிருக்கு."

"யாரு எடுத்தா?"

அவர் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் பிரித்தார். ஒரு சீட்டில் நின்று, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுலதான் இருக்கும்னு நெனைக்கறேன்."

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோடு போடாத தாளிலும் நேர்கோட்டில் ஓடுகிற கையெழுத்து. நாற்பது நாளைக்கு முந்தின தேதி. மீனக்கா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். மேலே போனால் அவர் இருக்கிறார். கீழே போனால் அவளுடைய மேஜை இருக்கிறது. இரண்டு பக்கமும் போகப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு.

"ஏங்க, அந்த ரிஜிஸ்டர் எங்க?"

கத்தி நின்றது. "வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாம்னு..."

"ரிஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீங்க. இப்ப ஆபீஸ் வீட்டுக்குள்ளதான் இருக்கு."

அவர் கை கழுவி, நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருந்த பழைய பெட்டிக்கு அடியிலிருந்து அதை எடுத்து வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தானே பக்கத்தையும் புரட்டிக் கொடுத்தார். வரைபடத்தில் குழாய் ஓடையின் தரைக்கு ஓரடி கீழே புதைய வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலில், 'அடியில் பாறை. தரைக்கு மூன்று அடி மேலே உயர்த்தி வைக்கப்பட்டது.' கீழே கையெழுத்து. முப்பது வருஷத்துக்கு முன்னாலும் அது நேர்கோட்டில்தான் ஓடியிருக்கிறது.

"பாறையை உடைக்க இன்னும் மூணு வாரம் ஆயிருக்கும்" என்றார். "எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. மேல இருக்கறவங்க கழுத்துல கத்தி வெச்சாங்க. தண்ணி போனா சரின்னு உயர்த்தி வெச்சுட்டேன். தண்ணி போச்சு. மீன் வரும்னு யாருக்குத் தெரியும்?"

மீனக்கா எழுந்து கூடத்துக்குப் போனாள். சான்றிதழ் இம்மி சாயாமல் தொங்கியது. எந்தச் சாலை, எந்தப் பகுதி என்று முப்பது வருஷமாக அவள் துடைத்த எழுத்தை அன்றுதான் படித்தாள். ஓடையைக் கடக்கும் அதே சாலையை, பதினாறு நாள் முன்பே முடித்ததற்காக.

அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இருபத்தேழு வயதுப் பையன் பயந்து ஒரு தப்பு செய்தான், சரி. இன்னொன்றுதான் நெஞ்சில் போய் நின்றது.

"என் அறிக்கையில வருஷா வருஷம் எழுதறேனே, 'வெள்ளத்தால் ஓடைத்தரை அரிக்கப்பட்டு குழாய் உயர்ந்து நிற்கிறது'ன்னு. பதினோரு தடவை படிச்சீங்க. 'அரிக்கப்பட்டு'வுக்கு அப்புறம் ஒரு 'க்' விட்டுட்டேன்னு சிவப்புப் பேனால போட்டுக் கொடுத்தீங்க. அந்த வரியே பொய்யின்னு சொல்ல வாய் வரலையா?"

அவர் தலை குனிந்து நின்றார். "முதல் வருஷமே சொல்லியிருக்கணும். சொல்லலை. ரெண்டாவது வருஷம், ஏன் போன வருஷமே சொல்லலைன்னு கேப்பியேன்னு சொல்லலை. அப்புறம் அப்படியே போயிடுச்சு. இன்னும் ஆறு மாசத்துல ரிட்டயர் ஆகறேன். முப்பத்துநாலு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல நான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பார். கத்தியிருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவளிடம் கத்தத் தெம்பில்லை. காலையிலிருந்து தண்ணீரில் நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது. "அடுப்பை நிறுத்திட்டு வாங்க, கருகுது" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

காலையில் ஜீப்பில் அவரையும் ஏறச் சொன்னாள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சாலையில் குழாய்க்கு நேர் மேலே நிறுத்தினார்கள்.

"இந்த ரோட்டுல எத்தனை தடவை வந்திருப்பீங்க?"

"கணக்கே இல்ல."

"கீழ இறங்கியிருக்கீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சாலை கண்ணாடி போலக் கிடந்தது, ஒரு பள்ளம் கிடையாது.

இரவல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, புதரைப் பிடித்து, சறுக்கிச் சறுக்கி இறங்கினார். கிடங்கின் ஓரத்தில் நிற்கும்போதே ஒன்று அவர் முழங்காலை உரசித் தாவி சிமென்டில் மோதி விழுந்தது. டொப். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தது. அடுத்தது. முந்தின நாள் வந்தவற்றில் நான்கைந்து செத்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. அவர் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். விரலிடுக்கில் முட்டை வழிந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.



ரொம்ப நேரம் கழித்து மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். குழாயின் வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை பிடித்தார். நம்பாமல் இன்னொரு தரம் பிடித்தார்.

"மூணே முக்கால் அடி."

"தெரியும்."

"மூணு அடி நான் வெச்சது. வெள்ளம் அரிச்சது முக்கால் அடிதான்." நாடாவைச் சுற்றிக்கொண்டே கேட்டார், "முக்கால் அடி இதுங்க தாவுமா?"

"ரெண்டடி வரைக்கும் தாவும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதினோரு வருஷம் தனியாக நின்ற கிடங்கில் இன்னொரு ஆள் நிற்பது என்னவோ போலிருந்தது.

"போதும், வாங்க" என்றாள். "நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கா? கீழ வாசல் பூட்டியிருக்குன்னு தெரிஞ்சே மேல போய் ஆறு வாசல் திறந்தேன். உங்க மாடிக்கு வந்து சண்டை போட பயம். சண்டை போட்டா அது வீட்டுக்குள்ள வந்துடுமோன்னு பயம். முதல்ல இங்கதான் உட்கார்ந்திருக்கணும். இங்க உட்கார்ந்திருந்தா உங்க பென்சில் எழுத்து அப்பவே கெடைச்சிருக்கும்."

அன்றே பதிவேடு ஃபைலில் சேர்ந்தது. படிவத்தில் 'தடைக்கான காரணம்' என்று ஒரு பத்தி உண்டு. மட்டம் சார் அதில் தன் பெயரையும் பதவியையும் எழுதி, மூன்று அடி உயர்த்தி வைத்தது தானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே மீனக்கா, வேலை கீழிருந்து மேலாக நடந்திருக்க வேண்டும், மேலிருந்து தொடங்கியது தன் முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு பேர் கையெழுத்தும் ஒரே தாளில் விழுந்தது கல்யாணப் பதிவேட்டுக்கு அப்புறம் இதுதான். மேலதிகாரி அம்மா படித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார். ஆனால் ஃபைலை அவரே கையில் எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார்.

குழாய் வேலை பட்டியலில் ஏறியது. மட்டம் சாருக்கு மெமோவும் வந்தது. ஓய்வு பெறுகிற வாரத்தில், மாலையோடு சேர்த்து. சான்றிதழை அவரே கழற்றி அலமாரியில் கவிழ்த்து வைத்தார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, கொஞ்சமும் சாயாமல் இருந்தது. மீனக்கா அங்கே வேறெதையும் மாட்டவில்லை.

வெயில் காலத்தில் சாலையை மூடி, பாறையை உடைத்துப் புது வழி போட்டார்கள். பாறை உடைய மூன்று வாரத்துக்குப் பதில் ஐந்து வாரம் ஆயிற்று. ஓய்வு பெற்ற மனுஷன் தினமும் குடையோடு போய் ஓரத்தில் நின்றார். கான்ட்ராக்டர், "சார், நீங்க பாக்கற பார்வையில பாறையே வெடிச்சுடும்" என்று அலுத்துக்கொண்டார்.

முதல் மழை சுமாராகத்தான் பெய்தது. அந்த வருஷம் வந்த மீனும் கம்மி. முப்பது வருஷமாகக் குஞ்சு பொரிக்காத ஓடையில் எங்கிருந்து நிறைய வரும்? மீனக்கா கீழேயிருந்து முதல் மீன்படியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எண்ணும் கருவி, அமுக்கினால் ஒன்று கூடும். முட்டிவலிக்கு மாத்திரை போட்டிருந்தாள். அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்து மணி வாக்கில் ஒன்று வந்தது. முதல் தொட்டியில் நின்றது, தயங்கியது, இரண்டாவதில் தாவியது. மூன்றாவது. நான்காவது. மேல் தொட்டியின் விளிம்பில் வெள்ளியாக ஒரு புரளல், அப்புறம் ஓடையோடு போய்விட்டது.

"அமுக்கு" என்றார் அவர் மெல்ல.

அவளுக்கு விரல் வரவில்லை. பதினோரு வருஷத்தில் அந்தக் கருவியை அவள் ஒருமுறைகூட அமுக்கியதில்லை. அவர் குனிந்து அவள் கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினார். டிக் என்றது.

மழைக்காலம் முடிந்ததும் ஆண்டறிக்கை எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பேனா மூன்று இடத்தில் நின்றது, மூன்றும் ஒற்று. கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிவத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நான்கு கட்டத்தில் 0017 என்று இருந்தது.

"பதினேழுதானே? முன்னால எதுக்கு ரெண்டு சைபர்?"

"கைப்பழக்கம். ரெண்டு போட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துது. அடிச்சுடுங்க."

அவர் பேனாவை அந்த இரண்டு பூஜ்யத்துக்கும் மேலே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்தார். அப்புறம் மூடியைப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார். "ஒண்ணு என்னோடது."

மீனக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இன்னொண்ணு என்னோடது" என்றாள்.